செந்தேளின் கடைசி இதழ்

நோபர்ட் ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விட்டுவிட்டு ரத்தோட்டைக்குப் போகத் தொடங்கி ஒரு வருடம் ஆகப்போகிறது. அன்றும் காலையிலேயே சேர்ட்டை மாட்டிக்கொண்டு, கறுவா எண்ணெய்ப் போத்தல் ஒன்றையும் ஒரு பைக்கற் பிஸ்கட்டையும் பையில் வைத்தபோது, அவன் மனைவி பிரசாந்தி மாதா கோயிலுக்குப் போகச் சேலையுடுத்தி வாசலில் நின்றாள்.

“கோயில்ல முழங்கால் போடச் சொன்னா வலிக்குது. மலையேறி அந்தம்மா வீட்டுக்குப் போக மட்டும் வலிக்கல,” என்றாள். “அங்க என்ன, மாதாவா காட்சி குடுக்குறாங்க?”

“ஒனக்கு வெளங்காது.”

“நல்லா வெளங்குது. தனியா இருக்குற ஒரு வயசான பொம்பளகிட்ட புத்தகம் கறக்கப் போறீங்க. அதுக்குத்தான் பிஸ்கட்டு, அதுக்குத்தான் கால்வலி எண்ணெ. எனக்குத் தலவலின்னா என்னைக்காவது ஒரு மாத்திர வாங்கிக் குடுத்திருக்கீங்களா?”

அவள் சொன்னது அத்தனையும் உண்மை என்பதால்தான் நோபர்ட்டுக்குக் கோபம் வந்தது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தான்.

மாத்தளையிலிருந்து நாலந்தாவுக்குப் போகும் வழியில் உள்ள ஒரு ஸ்பைஸ் கார்டனில் அவன் வழிகாட்டி. வெள்ளைக் கோட் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் வந்து இறங்கும் வெள்ளைக்காரர்களை ஏலச்செடிக்கும் மிளகுக்கொடிக்கும் நடுவில் கூட்டிக்கொண்டு நடப்பான். இந்த எண்ணெய் மூட்டுவலிக்கு, இந்தக் களிம்பு முடி உதிர்வதற்கு என்று முதலாளி எழுதிக்கொடுத்த ஆங்கிலத்தை வருடக்கணக்காக ஒப்பித்து வருகிறான். கேட்பவர்கள் சிரிக்கவேண்டிய இடத்தில் சிரிப்பார்கள். கோட்டின் பையில் குத்தியிருக்கும் அட்டையில் ‘வழிகாட்டி’ என்றுதான் இருக்கும், பெயர் இருக்காது. ஆட்கள் மாறினாலும் கோட்டும் அட்டையும் மாறவேண்டியதில்லை என்பது முதலாளியின் கணக்கு.

வீட்டில் அவனுக்கென்று ஒன்று இருந்தது. செந்தேள்.

எழுபதுகளில், இந்தியாவிலிருந்து கதைப் புத்தகங்கள் கப்பலேறி வருவது நின்றுபோனபோது, மாத்தளையில் அச்சகம் வைத்திருந்த ஒருவர் துணிந்து தொடங்கிய மர்ம மாத இதழ் அது. மட்டமான தாள், நடுவில் இரண்டு கம்பிப் பின், மூன்று வர்ண அட்டை. உள்ளே கள்ள மாணிக்கம், பேய் பங்களா, தேயிலைப் பெட்டிக்குள் பிணம். எழுதியவர்கள் எல்லோருக்கும் புனைபெயர். இன்று யார் யாரென்று எவருக்கும் தெரியாது. அட்டையில் மட்டும் ஒவ்வொரு மாதமும் ஒரு பெண் இருப்பாள். ஒரு மாதம் கையில் துப்பாக்கியுடன், ஒரு மாதம் நாற்காலியில் கட்டப்பட்டு, ஒரு மாதம் ரயில் மிதிபலகையில் தலைவிரி கோலமாக. மூலையில் வாலைத் தூக்கிய சிவப்புத் தேள்.

தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் அது கைமாறிக் கைமாறித் தாள் தாளாகக் கழன்று, கடைசியில் அடுப்புப் பற்றவைக்கப் போய்ச்சேரும். அதனால்தான் இப்போது கிடைப்பதில்லை. நோபர்ட் அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கியெடுத்திருந்தான். உக்குவளையில் ஒரு சலூன், எல்கடுவையில் ஒரு தோட்ட ஆஸ்பத்திரியின் பரண், பல்லேகமவில் மேசைக்கால் ஆடாமல் இருக்க மடித்துச் சொருகியிருந்த ஒன்று. எந்த மாதம் பின் துருப்பிடித்தது, எந்த மாதம் சிவப்பு மை தீர்ந்து தேள் கபில நிறத்தில் வந்தது என்பதெல்லாம் அவனுக்குப் பாடம். பெட்டிகளில் துணியில் கட்டிய கராம்பு போட்டு வைத்திருந்தான், பூச்சி அண்டாமலிருக்க. கையைக் கழுவித் துடைத்துக் காயவிட்டுத்தான் தொடுவான். பிரசாந்தி தொட அனுமதியில்லை. அவளுக்கு அந்த ஆசையும் இல்லை.

வரிசையில் குறைந்தது ஒன்றே ஒன்றுதான், கடைசி இதழ். காகிதத் தட்டுப்பாட்டில் அச்சகம் மூடப்பட்ட வாரத்தில் கொஞ்சம் பிரதிகள் மட்டும் பின் அடிக்கப்பட்டு, வேலை செய்தவர்கள் ஆளுக்கொன்றாக வீட்டுக்குக் கொண்டுபோனார்கள் என்று கேள்வி.

அது இப்போது அவசரமாகத் தேவைப்பட்டது. பழைய இலங்கைத் தமிழ்ச் சஞ்சிகைகளைத் தேடிச் சேர்க்கும் கொழும்புக் குழு ஒன்று மாத்தளையில் கண்காட்சி வைக்கப்போகிறது. குழுவை நடத்தும் விஜிதா என்ற பெண் போனில் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: ஒரு சஞ்சிகையின் எல்லா இதழ்களும் ஒருவரிடமே இருந்தால் முன்சுவர் முழுவதும் அவருக்கு. ‘நோபர்ட் தொகுப்பு: முழுமையான வரிசை’ என்று வாசலிலேயே பலகை. ஒன்று குறைந்தாலும் மற்றவர்களுடையதோடு கலந்து பின்மண்டபத்தில் வைப்பார்கள். பெயர்கள் சிறிய எழுத்தில் கடைசியில் வரும்.

அந்தப் பலகையை நோபர்ட் கனவிலேயே எழுதி முடித்திருந்தான். எழுத்தின் நிறம்கூட முடிவாகியிருந்தது.

ரத்தோட்டையில் இறங்கி, ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து இறங்கிவரும் பனிக்குள் ஒற்றையடிப் பாதையில் ஏறினால் கமலாட்சியின் வீடு. செந்தேளின் அட்டைப் படங்களைக் கீறிய ஓவியர் நல்லையாவின் மனைவி. நல்லையா கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர், இறந்து பல வருடமாகிறது. கமலாட்சி இருப்பதை நோபர்ட்டுக்குச் சொன்னவர் ரிஸ்வி நானா. மாத்தளையில் இரும்புக்கடை வைத்திருக்கும் ரிஸ்வியும் செந்தேள் சேர்ப்பவர்தான். ஆனால் அவருடைய இதழ்களில் தேத்தண்ணிக் கறை இருக்கும், கேட்டவனுக்கெல்லாம் இரவல் கொடுப்பார், கடையில் கூட்டமில்லாத நேரத்தில் வாய்விட்டு வாசித்துச் சிரிப்பார். அது சேகரிப்பே அல்ல என்பது நோபர்ட்டின் எண்ணம்.

“படம் கீறின நல்லையாட சம்சாரம் ரத்தோட்டையில இருக்கிறாவாம் தம்பி,” என்று அவர்தான் சொன்னார். “போய்ப் பாருங்களேன். கத கேக்கலாம்.”

நோபர்ட் போனான். முதல் நாளே கமலாட்சி தகரப் பெட்டியைத் திறந்து, பழைய சேலைத் துண்டில் சுற்றியிருந்த அதை எடுத்துக் காட்டினாள். கடைசி இதழ். மூலை மடங்காத அட்டை. அருவியின் முன்னால் லாந்தர் பிடித்தபடி ஒரு பெண் சும்மா நிற்கிறாள். நோபர்ட் கையைச் சேர்ட்டில் துடைத்துக்கொண்டுதான் அதைத் தொட்டான். ரிஸ்வியிடம் திரும்பி வந்து, “ஒண்ணும் இல்ல நானா, எல்லாம் கரையான் தின்னுட்டுதாம்,” என்று சொன்னான்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் போகிறான். தா என்று ஒருபோதும் கேட்டதில்லை. கேட்டால் விலை வந்துவிடும், அல்லது மறுப்பு வந்துவிடும். பதிலாக அவன் பயமுறுத்தினான்.

“இப்பிடித் துணியில சுத்தி வைக்கக் கூடாதும்மா. இந்த ஊரு ஈரத்துக்கு ஒரு மழக்காலம் தாங்காது. ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் போச்சு. பூச்சி வச்சிதுன்னா பொடியாப் போயிரும்.”

“ஐயோ, அப்பிடியா தம்பி?”

“பத்திரமா வைக்கத் தெரிஞ்சவங்க கையில இருக்கணும்.”

“இருக்கட்டும், இருக்கட்டும். எனக்கப்புறம் ஒனக்குத்தானே.”

எனக்கப்புறம் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அவன் அவள் முகத்தைப் பார்ப்பான். நல்ல நிறமாக, திடமாக இருந்தாள். கண்காட்சிக்கு முன் எதுவும் ஆகிவிடுகிற அறிகுறி இல்லை. அப்படி நினைத்ததற்காக ஒரு கணம் கூச்சப்பட்டு, பிறகு அவளுடைய கூரைத் தகரத்துக்கு ஆணி அடித்துக் கொடுப்பான்.

அவள் அவனுக்குச் சமைத்தாள். மாசியும் தேங்காய்ப்பூவும் போட்ட கீரை, கருவாட்டுக் குழம்பு. அவன் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து பேச்செடுப்பாள்.

“அவரு அந்தப் படங்கள எப்பிடிக் கீறினாரு தெரியுமா தம்பி? ஒரு நாளு என்னாச்சின்னா, நான் சோறு வடிச்சிக்கிட்டு இருக்கேன், இவரு வந்து…”

“அம்மா, அந்தக் கடசிப் புத்தகத்துல எத்தின பிரதிக்குப் பின் அடிச்சாங்கன்னு சொன்னாரா?”

“அதெல்லாம் எனக்கு எங்க தெரியும்? கேளேன். நான் சோறு வடிச்சிக்கிட்டு இருக்கேன்…”

“இந்த அட்டப் படத்துக்கு அச்சு புளொக் எங்க வெட்டினாங்க? கண்டியிலயா?”

அவள் சிரித்துவிட்டு இன்னொரு அகப்பை சோறு போடுவாள். சொல்ல வந்தது அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிப்போகும்.

அந்த ஞாயிறன்று அவள் வாசலிலேயே காத்து நின்றாள். நல்ல சேலை, தலையில் பூ. நோபர்ட் செருப்பைக் கழற்றுவதற்குள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்தாள்.

“கண்ணக் காட்டு பாப்பம். இல்ல, மூடு. மூடிட்டுக் கைய நீட்டு.”

“என்னம்மா?”

“நீட்டுன்னா நீட்டு. எனக்கப்புறம் எனக்கப்புறம்னு எத்தின நாளைக்குச் சொல்றது? இருக்கும்போதே குடுத்தாத்தானே நானும் பாக்கலாம்.”

அவன் கண்ணை மூடிக் கையை நீட்டினான். பலகை, எழுத்து, முன்சுவர் எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணுக்குள் எரிந்தன. கையில் ஏதோ வைக்கப்பட்டது. கனமாக இருந்தது. வழவழப்பாக, குளிர்ச்சியாக, விறைப்பாக இருந்தது. கண்ணைத் திறந்தான்.

லெமினேட் செய்திருந்தாள்.

நமக்கெல்லாம் அப்படித்தான். பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் பரீட்சை முடிவு, செத்துப்போனவரின் படம், எது போனால் திரும்பக் கிடைக்காதோ அதைப் பிளாஸ்டிக்குக்குள் போட்டுச் சூடுகாட்டி மூடிவிட்டால்தான் மனம் ஆறும். கமலாட்சி பஸ் ஏறி டவுனுக்குப் போய், போட்டோ கொப்பிக் கடையில் நாள் முழுக்க உட்கார்ந்து, கடைசி இதழைத் தாள் தாளாகப் பிரித்து, ஒவ்வொரு தாளையும் தனித்தனியாக லெமினேட் செய்வித்திருந்தாள். பின்களைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். இயந்திரத்துக்குள் போகும் அளவுக்கு ஓரங்களைச் சீவிவிட்டார்கள். மூலைகளை வட்டமாக வெட்டி, துளையிட்டு, சிவப்பு ரிபன் கட்டியிருந்தது. அட்டையில் தேளின் வால் இல்லை. பழைய மை சூட்டில் கசிந்து, பிளாஸ்டிக்குக்குள் அருவியின் மேல் ஒரு மஞ்சள் கொப்புளமாக நின்றது.

“யாரு,” என்றான் நோபர்ட். “யாரு ஒங்களுக்கு இதச் செய்யச் சொன்னது?”

“நீதானே தம்பி சொன்ன. தண்ணி பட்டாப் போச்சு, பூச்சி வச்சாப் போச்சுன்னு. எனக்கு ராவுல தூக்கமே இல்ல. இப்ப பாரு, வாளித் தண்ணியில முக்கி வச்சாலும் ஒண்ணும் ஆகாதாம். கடக்காரரும் சொன்னாரு, நூறு வருசத்துக்குப் பயமில்ல அம்மான்னு.”

“நாசமாக்கிட்டீங்க.”

“என்னது?”

“நாசமாக்கிட்டீங்கன்னு சொல்றேன்! இது புத்தகமா? ஹோட்டல்ல மேசையில வைக்கிற மெனு கார்டு மாதிரி இருக்கு. பின் எங்க? ஓரம் எங்க? இத இனிமே யாராலயும் பிரிக்க ஏலாது, தெரியுமா ஒங்களுக்கு? ஒரு வருசம்! ஒரு வருசம் நாய் மாதிரி இந்த மலைய ஏறி எறங்கினேன்.”

கமலாட்சி உட்கார்ந்திருக்கவில்லை, நிற்கவும் இல்லை. எதிர் நாற்காலியின் கையைப் பிடித்தபடி, உட்காரப் போன பாதியில் இருந்தாள்.

“இதுக்காகவா ஏறி எறங்கின?”

அவன் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை.

“பின்ன எதுக்கு? ஒங்க கத கேக்கவா?”

அடுப்பில் ஏதோ கொதித்து மூடியைத் தட்டிக்கொண்டிருந்தது. அவள் போய் அதை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். பிறகு அவனுக்கு எதிரில் உட்கார்ந்து, கோபமே இல்லாத குரலில் கேட்டாள்.

“எல்லாப் புத்தகமும் ஒங்கிட்ட இருக்குன்னு சொன்னியே. அட்டையில இருக்குற பொம்பளய நல்லாப் பாத்திருக்கியா?”

“கண்ண மூடிட்டே சொல்வேன்.”

“சொல்லு.”

“எல்லாத்துலயும் ஒரே சாயல்தான். நீட்டு மொகம். மூக்குத்தி எடப்பக்கம். வலப்பக்கப் புருவத்துல ஒரு வெட்டு இருக்கும், நடுவுல முடி இருக்காது. அச்சுல வந்த பிழைன்னு நெனச்சேன். ஆனா எல்லா மாசமும் அதே எடத்துல…”

சொல்லிக்கொண்டே அவன் நிமிர்ந்தான். அவள் முகத்தைத் திருப்பாமல் அப்படியே வைத்திருந்தாள். வலப்பக்கப் புருவத்தின் நடுவில், நரைத்த முடிகளுக்கிடையே, விரல் நகத்தளவு வெட்டு. ஒரு வருடம் அந்த முகத்துக்கு எதிரில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டிருக்கிறான்.

“சின்னதுல, தேயில வெட்டுற கவ்வாத்துக் கத்தி பட்டது,” என்றாள் கமலாட்சி. “பாத்துக் கீற வேற யாரு இருந்தா அவருக்கு? சோத்தப் பாதியில வச்சிட்டு, அகப்பையத் துவக்கு மாதிரிப் பிடிச்சிக்கிட்டு நிப்பேன். கயித்தால கட்டி வச்சிருவாரு. ஊரெல்லாம் புத்தகம் போச்சு. லயத்துல சிரிச்சானுங்க, அட்டப் பொம்பள போறான்னு. எங்கம்மா செத்ததுக்கு என் அண்ணன்மாரு எனக்கு ஆள் அனுப்பல. அவரு அதுல ரொம்ப ஒடஞ்சி போனாரு. கடசியா ஒண்ணு கீறினாரு. துவக்கு வேணாம், கத்த வேணாம், சும்மா நில்லு கமலம்னு. அதுதான் இது. இதுல மட்டுந்தான் நான் நானாவே நிக்கிறேன்.”

அதற்கு என்ன சொல்லவேண்டும் என்று நோபர்ட்டுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அவன் வாயிலிருந்து வந்தது வேறு.

“முன்னாடியே சொல்லியிருந்தா அதையும் குறிச்சி வச்சிருப்பேனே.”

அவள் எழுந்தாள். பிறகு ரிபன் கட்டிய தாள்களை அவன் மடியிலிருந்து எடுத்து, முந்தானையால் அவனுடைய விரல் அடையாளங்களைத் துடைத்தாள்.

“பனி எறங்குது,” என்றாள். “பஸ்ஸப் பாத்துப் போ.”

இறங்கி வரும்போது, கறுவா எண்ணெய்ப் போத்தல் இன்னும் பையிலேயே இருப்பதை உணர்ந்தான். கொடுக்கத் திரும்பிப் போகவில்லை.

விஜிதா அந்த வாரமே போன் பண்ணினாள்.

“அண்ணா, கடைசி இதழ் கெடச்சிதா? பலகைக்கு ஓடர் குடுக்கணும்.”

ஸ்பைஸ் கார்டனில் வெள்ளைக் கோட்டுடன் மிளகுக்கொடி அடியில் நின்றிருந்தான். ஒரு பஸ் இப்போதுதான் வந்து நின்றது. ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

“அப்பிடி ஒண்ணு வரவேயில்ல தங்கச்சி,” என்றான். இவ்வளவு சுலபமாக வரும் என்று அவனே எதிர்பார்க்கவில்லை. “முந்தின இதழ்ல வெளம்பரம் மட்டுந்தான் போட்டிருக்காங்க. அதுக்குள்ள அச்சகத்த மூடிட்டாங்க. நல்லா விசாரிச்சிட்டேன்.”

“நிச்சயமா அண்ணா? யார்கிட்ட விசாரிச்சீங்க?”

“படம் கீறினவரோட சம்சாரம் இருக்காங்க. அவங்களே சொன்னாங்க, வரலன்னு.”

“ஆ, அப்ப சரி. அப்ப ஒங்க வரிசை முழுமை! அண்ணா, அந்த அம்மாவத் திறப்பு விழாவுக்குக் கூப்பிடுவமா? எவ்வளவு நல்லா இருக்கும்!”

“அவங்களுக்கு நடக்க ஏலாது. பார்வையும் சரியில்ல,” என்றான் நோபர்ட்.

போனைக் கோட்டுப் பையில் போட்டான். கடைசி இதழ் உண்மையில் இனி இல்லைதானே என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். பிளாஸ்டிக்குக்குள் இருப்பது இதழ் அல்ல. சேகரிக்கிற எவனும் அதை ஒரு பிரதி என்று கணக்கெடுக்கமாட்டான். அப்படிப் பார்த்தால் அவன் பொய்யே சொல்லவில்லை. பிறகு திரும்பி, வந்தவர்களுக்கு ஏலக்காயைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். சிரிக்கவேண்டிய இடத்தில் அவர்கள் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு ரத்தோட்டைக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்குப் போனான்.

“என்ன, மாதா கோவிச்சிக்கிட்டாங்களா?” என்றாள் பிரசாந்தி. அவன் சேர்ட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான்.

கண்காட்சி நகர மண்டபத்தில் நடந்தது. வாசலில் பலகை இருந்தது. அவன் கனவில் கண்டதைவிடப் பெரியது. முன்சுவர் முழுவதும் கண்ணாடிக்குப் பின்னால் செந்தேள், முதல் மாதத்திலிருந்து வரிசையாக. பிரசாந்தி கலியாண வீட்டுக்குப் போவதுபோல் உடுத்தி வந்து, பலகைக்கு முன் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள்.

“பேரு பெருசாத்தான் போட்டிருக்காங்க,” என்றாள். அவள் குரலில் கேலி இல்லாமல் கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது. “அந்தக் கராம்பு வாசம் வீடெல்லாம் அடிக்கும்போது எனக்கு எரிச்சலா வரும். இப்பிடின்னு தெரிஞ்சிருந்தா திட்டியிருக்க மாட்டேன்.”

விஜிதா சுறுசுறுப்பான, உயரம் குறைந்த பெண். அவனை எல்லோருக்கும் அறிமுகப்படுத்தினாள். கூட்டம் சேர்ந்ததும், “அண்ணா, நீங்களே சொல்லுங்க,” என்று முன்னால் தள்ளிவிட்டாள். நோபர்ட் பேசினான். துருப்பிடித்த பின்னைப் பற்றி, கபில நிறத் தேளைப் பற்றி, மேசைக்காலுக்கு அடியில் கிடைத்ததைப் பற்றி. எங்கே நிறுத்தினால் சிரிப்பார்கள், எங்கே குரலைத் தாழ்த்தினால் நெருங்கி வருவார்கள் என்பது அவனுக்கு உடம்பிலேயே ஊறியிருந்தது. சுவரின் கடைசிக்கு வந்து கையை நீட்டினான்.

“இதோட செந்தேள் முடியுது. இன்னொரு இதழ் வரும்னு வெளம்பரம் செஞ்சாங்க. ஆனா அது வெளிவரவேயில்ல. படம் கீறினவரோட சம்சாரமே அத உறுதிப்படுத்தினாங்க. அதனால நீங்க பாக்குறது முழுமையான வரிசை.”

கைதட்டினார்கள். தட்டாத இரண்டு பேர் பின்னால் நின்றார்கள். ரிஸ்வி நானா வாய் திறந்தபடி நின்றார். அவர் பக்கத்தில் கமலாட்சி, நெஞ்சோடு ஒரு துணிப்பையை அணைத்துக்கொண்டு.

ரிஸ்வி வேறு எதுவும் அறியாதவர் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அந்த வயதான பெண்ணை ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை என்று யாரோ சொல்லித் தேடிப் போயிருப்பார். அவள் பையிலிருந்ததைக் காட்டியிருப்பாள். கரையானுக்குத் தப்பிய ஒன்று என்று நினைத்து, நோபர்ட்டுக்குச் சந்தோஷ அதிர்ச்சி கொடுக்கலாம் என்று கூட்டிக்கொண்டு வந்திருப்பார்.

“தம்பி, என்ன நீங்க இப்பிடிச் சொல்றீங்க?” ரிஸ்வி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். “வரல்லயா? கடசிப் புத்தகம் இந்தா…” என்று துணிப்பையை நோக்கிக் கையை நீட்டினார்.

கமலாட்சி பையின் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

“என்ன நானா? என்ன கடைசிப் புத்தகம்?” விஜிதா கிட்ட வந்தாள்.

எல்லோரும் திரும்பினார்கள். நோபர்ட்டுக்குக் காதுக்குள் ஆறு ஓடுவதுபோல் இரைந்தது. பலகையைக் கழற்றும்போது ஆணி கிறீச்சிடும் சத்தத்தை இப்போதே கேட்டான்.

கமலாட்சி சுவரைப் பார்த்தாள். முதலிலிருந்து கடைசிவரை, அவசரமில்லாமல். துப்பாக்கியுடன் அவள், நாற்காலியில் கட்டுண்டு அவள், மிதிபலகையில் அலறிக்கொண்டு அவள். பிறகு பலகையைப் பார்த்தாள். கடைசியில் நோபர்ட்டை.

“அவரு சொல்றது சரிதாங்க,” என்றாள். “அப்பிடி ஒண்ணு வரல்ல.”

“அம்மா!” என்றார் ரிஸ்வி.

“நாங்க அந்தக் காலத்துல மாசாமாசம் வாங்கினவங்க தம்பி. எனக்குத் தெரியும். வரல்ல.”

“பையில ஏதோ கொண்டு வந்திருக்கீங்களேம்மா?” என்று விஜிதா கேட்டாள்.

“மாத்துச் சேல. மழ வந்தா நனைஞ்சிருவேன்னு.” அவள் ரிஸ்வியின் கையைப் பிடித்தாள். “வாங்க தம்பி, போவம். பஸ்ஸு போயிரும்.”

ரிஸ்வி அசையவில்லை. நோபர்ட்டின் முகத்தை, கலப்படச் சாமானை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கும் கடைக்காரரைப் போலப் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை, அவள் பிடித்திருந்த கை அவரை விடவில்லை.

“நல்லா இருங்க தம்பி,” என்றார். அவர் அதுவரை யாரையும் அப்படிச் சபித்ததில்லை.

இருவரும் வாசலைத் தாண்டிப் போனார்கள். கமலாட்சி திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு நடக்க முடியும், நன்றாகவே நடந்தாள்.

அவள் தன்னைக் காப்பாற்றிவிட்டாள் என்றுதான் நோபர்ட் முதலில் நினைத்தான். மூச்சு திரும்பி வந்தது. அது திரும்பி வந்த பிறகுதான் மெல்லப் புரிந்தது. அந்த ஒரு படத்தை அவள் இந்தச் சுவரில் விடவில்லை. இனி எந்தச் சுவரிலும் விடமாட்டாள். அது வரவேயில்லை என்று இப்போது இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். அதில் ஒருத்தி, சொல்ல உரிமையுள்ளவள்.

“யாரண்ணா அந்தம்மா?” விஜிதா வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள். “ஒங்களத் தெரிஞ்சவங்க மாதிரி பேசினாங்களே.”

“தெரியாது தங்கச்சி.”

“முன்னப் பின்ன பாத்ததில்லையா?”

“இல்ல. யாரோ ரத்தோட்டப் பக்கத்து ஆளு போல.”

விஜிதா அடுத்த ஆட்களை அழைத்துவரப் போனாள். பிரசாந்தி மட்டும் அங்கேயே நின்றாள். கண்ணாடிக்கு மிக அருகில் முகத்தை வைத்து ஒரு அட்டையைப் பார்த்தாள், அதற்கடுத்ததை, அதற்கும் அடுத்ததை. பிறகு தன் புருவத்தை ஒரு விரலால் தொட்டாள். இத்தனை வருடத்தில் அந்த இதழ்களை அவள் பார்த்தது இதுதான் முதல் தடவை.

“இது அவங்கதானே,” என்றாள், மெல்ல.

“பேசாம இரு.”

“நீங்க ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போய்ச் சோறு தின்ன வீடு.”

“பேசாம இருன்னு சொன்னேன்ல?”

அவள் கண்ணாடியை விட்டு விலகினாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பலகைக்கு அடியால் நடந்து, வெளியே பஸ் நிலையம் இருந்த பக்கமாகத் திரும்பினாள். நோபர்ட் கூப்பிட வாயெடுத்தான். அதற்குள் விஜிதா ஒரு பாடசாலை ஆசிரியர்களின் கூட்டத்தோடு வந்துவிட்டாள். அவர்கள் நோட்டமிட்டபடி அரைவட்டமாக நின்று, அவன் முகத்தைப் பார்த்தார்கள்.

“வாங்க, வாங்க,” என்றான் நோபர்ட். குரல் எங்கும் தடுக்கவில்லை. “முதல் இதழ்லேருந்து பாப்பம்.”